800 ரூபாய்ப் படுதா: வீட்டிலேயே பின்னணித் துணி கட்டிப் படம் எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தென்காசியிலிருந்து

அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது தரகர் ஜாதகத்தோடு ஒரு போட்டோவும் கேட்டார். பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தோம். கைக்கு வந்த படத்தில் கன்னத்து மச்சத்தைக் காணோம், அவளுடைய மாநிறத்தையும் காணோம். பால் ஊற்றிக் கழுவியதுபோல ஒரு முகம். "பொண்ணு பார்க்க வர்றவங்க இவளைத் தேடுவாங்க. நான் எப்படிப் போய் நிக்கிறது?" என்று படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்தது. வீட்டிலேயே எடுத்துவிடுவோம் என்று அன்று முடிவு செய்தேன். கையில் இருந்தது என் போன் மட்டும்தான்.

முதலில் வெள்ளை பெட்ஷீட்டைச் சுவரில் ஆணியடித்துக் கட்டினேன். அக்காவை அதில் சாய்ந்தாற்போல நிற்க வைத்து எடுத்தால் முகம் கறுத்து, கண் இருண்டு, தலைக்குப் பின்னால் நிழல் வேறு. காரணம் பிறகுதான் புரிந்தது. படத்தில் முக்கால்வாசி வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று கேமரா எடுத்துக்கொள்கிறது. மொத்தத்தையும் குறைத்துவிடுகிறது. துணி சாம்பலாகிறது, முகம் கரியாகிறது. அப்படிக் கறுத்த முகத்தைத்தான் பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளுக்கிறார்கள் போலும். நம் நிறத்துக்கு வெள்ளைத் துணி எதிரி என்று சொல்லமாட்டேன். ஆனால் துணிக்குத் தனி வெளிச்சம், முகத்துக்குத் தனி வெளிச்சம் கொடுக்க வசதியில்லாத வீட்டில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அப்பா முப்பது வருஷமாக வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். நான் படும் பாட்டைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்ன கலரும்மா வேணும் உனக்கு?" என்று எழுந்து வந்தார். மழைக்கு முந்தின மேகம் மாதிரி, கொஞ்சம் பச்சை கலந்தாற்போல வேண்டும் என்றேன்.

63 அங்குல அகலக் காடாத் துணி மூன்று மீட்டர் வாங்கினோம். அப்பா அதை முதலில் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டார். கஞ்சி போகவேண்டும், சுருங்குகிறது இப்போதே சுருங்கிவிட வேண்டும் என்றார். காய்ந்த பிறகு மொட்டைமாடித் தரையில் பழைய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் துணியை இழுத்து நாலு ஓரத்திலும் செங்கல் வைத்தார். நான் டிஸ்டெம்பர் மலிவு என்று நினைத்திருந்தேன். "அது சுவத்துக்குத்தாம்மா. துணியைச் சுருட்டினா பொடிப்பொடியா உதிரும்" என்று ஒரு லிட்டர் வெள்ளை எமல்ஷன் பெயின்ட் எடுத்து, தண்ணீர் நிறையவே சேர்த்து, பெயின்ட்டுக்கு நிறம் கூட்டுகிற ஸ்டெய்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். முதல் கோட் ரோலரில். அது ஈரம் உலர்வதற்குள், கொஞ்சம் கூடுதலாகக் கறுப்புச் சேர்த்த இரண்டாவது கலவையை ஸ்பாஞ்சில் தொட்டு ஓரங்களிலிருந்து உள்ளே ஒற்றிக்கொண்டே வந்தார். நடுவில் வெளிச்சமாகவும் ஓரம் இருட்டாகவும் ஆனது. இதுவரை யார் வீட்டுச் சுவரிலும் இவ்வளவு பொறுமையாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஸ்டாண்டுக்கு ஒரு அங்குல பி.வி.சி. குழாய், மூலையில் குழாய்களை இணைக்க இரண்டு எல்போ. அடியில் அப்பாவின் காலி பெயின்ட் பக்கெட் இரண்டு, உள்ளே சிமெண்டும் ஜல்லியும் கொட்டி நடுவில் குழாயை நட்டோம். முதலில் முக்கால் அங்குலக் குழாய்தான் வாங்கினேன். குறுக்கே வைத்ததும் வில்லாக வளைந்துவிட்டது, அதைத் திருப்பிக் கொடுத்து மாற்றினேன். எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது.

மாடியில் வைத்து எடுக்கலாம் என்று தூக்கிப்போனேன். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், எங்கள் ஊர்க் காற்றைக் கேட்கவே வேண்டாம். துணி பாய்மரமாக விரிந்து பக்கெட்டோடு சாய்ந்தது. நல்லவேளை, அக்கா இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அதிலிருந்து வெளியில் வைப்பதென்றால் குழாயைக் கைப்பிடிச் சுவரோடு கயிறு போட்டுக் கட்டாமல் யாரையும் முன்னால் உட்காரவிடுவதில்லை.

கடைசியில் முன்வாசல்தான் கைகொடுத்தது. வடக்குப் பார்த்த வாசல், நேர் வெயில் விழவில்லை. காலை ஒன்பது மணி. உள்ளே டியூப்லைட்டை அணைத்தேன், எரிந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். வாசல் ஒருபக்கம் இருக்கும்படி அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்து, துணியை அவளுக்குப் பின்னால் ஐந்தடி தள்ளி நிறுத்தினேன். மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. எங்கள் வீட்டு வராந்தாச் சுவர் பச்சை, அந்தப் பச்சை தாடையில் ஏறிக்கொண்டிருந்ததை அந்த அட்டைதான் மறைத்தது. போன் கேமராவை 2எக்ஸ் ஜூமில் வைத்து நான் பின்னால் போய் நின்றேன். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். திரையில் அவள் முகத்தை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுத்தேன்.

மச்சம் இருந்தது. மாநிறம் அப்படியே இருந்தது. ஐந்தடி தள்ளியிருந்ததால் ஸ்பாஞ்ச் தடம் கரைந்து, துணியா மேகமா என்று தெரியவில்லை. அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதை அனுப்பு" என்றாள்.

கும்பகோணத்திலிருந்து

நான் பதினெட்டு வயதிலிருந்து ஸ்டுடியோ வேலை பார்த்தவன். இப்போது ஓய்வு. அப்பா வரைந்த படுதாவைப் பற்றி இந்தத் தங்கை எழுதியதைப் படித்ததும் பழைய நாளெல்லாம் வந்துவிட்டது. நாங்கள் வைத்திருந்ததும் அதே காடாத் துணிதான். நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதுகிறவர்கள், அதாவது மேடைத் திரை வரைகிறவர்கள்தான் எங்களுக்கும் வரைந்து தருவார்கள். மாடிப்படி, தூண், நந்தவனம், தூரத்தில் ஒரு குளம். கல்யாணம் முடிந்த கையோடு வருகிறவர்கள் அந்தப் படிக்கட்டின் முன்னால் நின்று எடுத்துக்கொண்டு போவார்கள்.

இர்விங் பென் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1950இல் பாரிசில் கிடைத்த ஒரு பழைய நாடக அரங்குத் திரையைத்தான் வாழ்நாள் முழுக்கப் பின்னணியாக வைத்திருந்தார். உலகப் புகழ்பெற்றவர்களெல்லாம் அந்தத் துணிக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். அதுவும் அழுக்குச் சாம்பல் நிறம்தான். ஆகவே அப்பா கலந்த நிறம் சரியான நிறம், அதை மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். அந்தத் துணியை ஒருநாளும் மடிக்காதீர்கள். பெயின்ட் ஏறிய துணியில் மடிப்புக் கோடு விழுந்தால் போகாது. பி.வி.சி. குழாயிலேயே, பெயின்ட் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, பரணில் படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் அடியில் நசுங்கும்.

திருச்சியிலிருந்து

பெயின்ட் அடிக்கத் தெரியாத எங்கள் வீட்டில் ஜமுக்காளம்தான் பின்னணி. பவானி ஜமுக்காளம், சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக. மாமியாரின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் கொடியில் போட்டு, நாலு மூலையிலும் துணி கிளிப் மாட்டி எடுத்தேன். எடுப்பாக இருக்குமா, கண்ணைப் பறிக்குமா என்று பயந்தேன். அத்தை வெள்ளைப் புடவை கட்டுகிறவர், அதனால் பட்டைகளுக்கு முன்னால் தனியாகத் தெரிந்தார். கோடு போட்ட ரவிக்கையோ பூப்போட்ட சேலையோ என்றால் கெட்டிருக்கும்.

இப்படி எடுக்கத் தைரியம் வந்ததே செய்டூ கெய்டா என்ற புகைப்படக்காரரின் படங்களைப் பார்த்துத்தான். மாலி நாட்டில், பமாகோ நகரத்தில் 1948இல் ஸ்டுடியோ தொடங்கியவர். அவர் முதலில் பின்னால் கட்டியது தன் கட்டிலில் விரித்திருந்த குஞ்சம் வைத்த விரிப்பை! முற்றத்தில், பகல் வெளிச்சத்தில் எடுத்தவர். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை துணியை மாற்றுவாராம். பிற்காலத்தில் எந்தப் படம் எந்த வருஷத்தது என்று அந்தத் துணியை வைத்தே சொல்ல முடிந்திருக்கிறது. எங்கள் ஜமுக்காளத்தை இனி மாற்றப்போவதில்லை. பேரப்பிள்ளைகளையும் அதன் முன்னால்தான் எடுக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து

பகலில் நேரமில்லை, ராத்திரி எல்.இ.டி. பல்பில்தான் எடுக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு சாம்பல் துணி. பல்பிலிருந்து முகம் 3 அடி, துணி 6 அடி இருந்தால் முகத்தில் விழுகிற வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குதான் துணியில் விழும். 9 அடிக்குத் தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு, ஏறக்குறைய கறுப்பாகிவிடும். துணிக்கு மட்டும் இன்னொரு பல்பு போட்டால் அதுவே வெளிர்சாம்பல். ஒரு துணியை வைத்து மூன்று துணி வேலை வாங்கலாம். பல்பு அப்படியே அடித்தால் நெற்றி மினுக்கும். முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகத் தொங்கவிடுங்கள், பல்பில் படாமல் தள்ளி.

சேலத்திலிருந்து

தென்காசி சகோதரிக்கு: ஸ்டெய்னர் எவ்வளவு விட்டார் என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? நான் கலந்தது நீலமாகப் போய்விட்டது.

தென்காசியிலிருந்து

கேட்டேன். கறுப்பு ஸ்டெய்னர் மட்டும் விட்டால் எமல்ஷன் நீலச் சாம்பலாகத்தான் வருமாம், அதை மஞ்சள் காவிதான் இழுத்துப் பிடிக்கும் என்கிறார். ஒரு லிட்டருக்குக் கறுப்பு பாதிக் குப்பி, மஞ்சள் காவி அதில் பாதி, பச்சை நாலைந்து சொட்டு. ஒவ்வொரு தடவையும் கலக்கிவிட்டு ஒரு துண்டுத் துணியில் தடவிக் காயவைத்துப் பார்க்க வேண்டும், ஈரத்தில் தெரிகிற நிறமும் காய்ந்த நிறமும் ஒன்றாக இருக்காது. நீலமாகிப்போனதைக் கொட்ட வேண்டாம், காவியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள், திரும்பிவிடும்.

கும்பகோணத்து ஐயா சொன்னதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு எடுக்கிறேன்.