சிறிய அரசுக் கல்லூரியா, பெரிய மாநிலப் பல்கலைக்கழகமா?

கேள்வி: அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வசிக்கும் எங்கள் மகளுக்கு, ஏறத்தாழ 1,600 மாணவர்களே பயிலும் செயின்ட் மேரீஸ் கல்லூரியிலும், 40,000 பேருக்கு மேல் பயிலும், காலேஜ் பார்க் நகரிலுள்ள மேரிலாந்து பல்கலைக்கழகத்திலும் உயிரியல் படிக்க இடம் கிடைத்துள்ளது. இரண்டுமே அரசு நிறுவனங்கள், எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில் 1: அவளுக்கு ஆய்வில் ஆர்வம் இருந்தால் சிறிய கல்லூரியையே சொல்வேன், ஐயா. அங்கே முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாததால், ஆய்வகத்தில் பேராசிரியருடன் நேரடியாகப் பணிபுரியும் வாய்ப்பு இளங்கலை மாணவர்களுக்கே கிடைக்கிறது. பின்னாளில் பரிந்துரைக் கடிதம் எழுதுபவரும் அவளை நன்கு அறிந்தவராக இருப்பார்.

பதில் 2: பதினெட்டு வயதில் மனம் மாறுவது இயல்பு. காலேஜ் பார்க்கில் பொறியியலுக்கும் வணிகத்துக்கும் தனித்தனிக் கல்லூரிகளே இருப்பதால், துறை மாற விரும்பினால் வழி உண்டு.

பதில் 3: உதவித்தொகைக் கடிதங்களில் கடன் எவ்வளவு, மானியம் எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.