மறு: ஸ்பெகுலேட்டிவ் எக்ஸிக்யூஷன்: 'முன்' போதுமா, 'ஊகம்' வேண்டுமா?

குழுவினருக்கு வணக்கம்.

எந்த வழியில் போவது என்று உறுதியாகும் முன்பே புராசஸர் ஊகித்து வேலையைத் தொடங்கிவிடுவதைத்தான் ஸ்பெகுலேட்டிவ் எக்ஸிக்யூஷன் என்கிறார்கள். அதற்கு 'முன்னியக்கம்' என்ற சொல்லுக்குப் பெரும்பாலோர் சரி சொல்லிவிட்டதால் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று ஒருங்கிணைப்பாளர் எழுதியிருக்கிறார். அதற்கு முன் என் மறுப்பையும் பதிந்துவிடுகிறேன். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, நாக்கில் இடறவில்லை. ஆனால் உலாவிப் பாதுகாப்புக் கையேட்டுக்காகத்தானே இந்தச் சொல்லைத் தேடத் தொடங்கினோம்? அந்தக் கையேட்டில் 'முன்னியக்கம்' என்று எழுதிவிட்டு இந்த ஊகத்தை ஏமாற்றி ரகசியத்தைத் திருடும் ஸ்பெக்டர் தாக்குதலை விளக்கிப் பாருங்கள், இரண்டாவது பத்தியில் மாட்டிக்கொள்வீர்கள்.

> வேலையை முன்கூட்டியே செய்துவைக்கிறது, அவ்வளவுதானே. முன்னியக்கம் என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

அவ்வளவு மட்டும் இல்லை ஐயா. ஒரு நிரலில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: கேட்ட எண் அணியின் (வரிசையாக அடுக்கிய மதிப்புகளின்) நீளத்தைவிடச் சிறியதாக இருந்தால், அணியில் அந்த இடத்தில் உள்ளதை எடு. எல்லை தாண்டிப் படிக்காமல் தடுக்கும் சோதனை அது. அணியின் நீளம், புராசஸருக்குப் பக்கத்திலேயே உள்ள சிறிய வேக நினைவகமான கேஷில் இல்லை, ராமிலிருந்து வர வேண்டும். வந்து சேர நூற்றுக்கணக்கான கடிகாரத் துடிப்புகள்கூட ஆகலாம். அதுவரை புராசஸர் சும்மா நிற்காது. இந்த 'இருந்தால்' இதுவரை எந்தப் பக்கம் போயிற்று என்று கிளைக் கணிப்பான் ஒரு குறிப்பு வைத்திருக்கும். பெரும்பாலும் 'ஆம்' என்றால், இப்போதும் 'ஆம்' என்றே எடுத்துக்கொண்டு உள்ளே போய் வேலையைத் தொடங்கிவிடும். சரியாக வந்தால் நேரம் மிச்சம். தப்பானால் செய்ததையெல்லாம் தள்ளிவிட்டு, பிரிந்த இடத்துக்கே திரும்பி மறுவழியில் போகும். புராசஸருக்குள் கணக்குக்கான மதிப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்கள் பழைய நிலைக்கு வந்துவிடும். நிரலைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை.

கேஷ் மட்டும் பழைய நிலைக்கு வராது. அந்த இடைவெளியில் எல்லைக்கு வெளியே இருந்த ரகசிய பைட் ஒன்றைப் படித்து, அதன் மதிப்பைப் பொறுத்து இன்னொரு அணியின் 256 இடங்களில் ஒன்றைத் தொட்டிருந்தால், அந்த இடம் கேஷுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு அந்த 256 இடங்களையும் ஒவ்வொன்றாகப் படித்து நேரத்தை அளந்தால் ஒன்று மட்டும் சட்டென்று வரும். எது அப்படி வந்ததோ அதன் எண்தான் ரகசிய பைட்டின் மதிப்பு.

தாக்குபவர் இதற்கு என்ன செய்கிறார்? முதலில் எல்லைக்குள் இருக்கும் எண்களாகவே பலமுறை கொடுத்து, கணிப்பானை 'ஆம்' என்று பழக்குகிறார். அதன் பிறகு எல்லை தாண்டிய எண்ணைக் கொடுக்கிறார். இங்கே ஏமாறுவது ஊகம். முன்கூட்டிச் செய்வதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது, முன்கூட்டி நினைப்பதில் முடியும். 'முன்' என்று மட்டும் சொல்லும் சொல் இந்த இடத்தில் வாய் மூடிக்கொள்கிறது. 2018 ஜனவரி 3 அன்று இது வெளியானபோது கண்டுபிடித்தவர்கள் வைத்த ஸ்பெக்டர் என்ற பெயரே ஸ்பெகுலேட்டிவ் என்பதை ஒட்டியதுதான். சின்னத்தில் ஒரு பேய், அதன் கையில் ஒரு மரக்கிளை. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

இன்னொன்று, 'முன்' வீட்டில் ஏற்கெனவே கூட்டம் அதிகம். தரவை முன்கொணர்தல், பக்கத்தை முன்-ஏற்றுதல், முன்கணக்கிடுதல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் எதிலும் 'தப்பானால் தள்ளிவிடு' என்ற பேச்சு முதன்மையாக வராது.

> அப்படியானால் முந்திரிக்கொட்டை இயக்கம் என்று வையுங்கள்!

சிரித்தேன். இழையில் வந்ததிலேயே பொருத்தமான பெயர் அதுதான், அச்சில்தான் ஏற்ற முடியாது.

> மெல்ட்டவுனில் ஊகம் எங்கே இருக்கிறது? அங்கே கிளையும் இல்லை, கணிப்பும் இல்லை. 'ஊக' என்று வைத்தால் அதை விட்டுவிடுவோம்.

இது கனமான கேள்வி. மெல்ட்டவுன் புராசஸரில் உள்ள வேறு ஓட்டைதான். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகத்தைப் படிக்க அனுமதி இல்லை என்று பிழை எழுந்து நிரல் தடுக்கப்படுவதற்குள், படித்த மதிப்பை வைத்து அடுத்த கட்டளைகள் ஓடிவிடுகின்றன. காத்திருக்கும் கட்டளையைத் தாண்டி, தயாராக இருக்கும் அடுத்த கட்டளைகளை இயக்கும் பழக்கத்திலிருந்து வருவது அது. இன்டெல் 1995-இல் பென்டியம் புரோவில் கொண்டுவந்த பழக்கம். அதற்கு 'வரிசைமாறு இயக்கம்' என்று தனிச்சொல் இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைக்க ஆசைப்பட்டுத்தான் 'முன்' பக்கம் சாய்ந்தோம் என்று நினைக்கிறேன். ஆய்வாளர்களே இரண்டையும் சேர்த்துச் சொல்ல டிரான்சியன்ட் எக்ஸிக்யூஷன் என்று மூன்றாவதாக ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். நாமும் அப்படியே மூன்று சொற்களாக வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதற்கு ஒருவர் 'நில்லா இயக்கம்' என்று எழுதியிருந்தார். அது இடைநில்லாப் பேருந்து மாதிரி ஒலிக்கிறது, நிற்காமல் ஓடும் இயக்கம் என்றுதான் யாரும் படிப்பார்கள். 'நிலைக்கா இயக்கம்' என்றால் அந்தத் தடுமாற்றம் இல்லை.

> ஊகம் வடசொல். உய்த்துணர் இயக்கம் எனலாமே?

வடமொழி ஊஹத்திலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் உய்த்துணர்தல் பெரிய வேலை. சான்றுகளை அடுக்கி, தருக்கம் பிடித்து, ஒரு முடிவுக்கு வருவது. கிளைக் கணிப்பான் அவ்வளவு அறிவாளி இல்லை. போனமுறை இப்படிப் போனது, இந்தமுறையும் இப்படித்தான் போகும் என்கிற அளவுதான் அதன் அடிப்படைப் புத்தி. இன்றைய கணிப்பான்கள் நீண்ட வரலாற்றையெல்லாம் வைத்துக்கொள்கின்றன, ஆனாலும் ஊகம் ஊகம்தான். செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் 'ஊக வணிகம்' தெரியும். விலை ஏறும் என்று நம்பி இன்றே வாங்கிப் போடுவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், தமிழிலும் ஒரே சொல்லாக அமைந்துவிடுகிறது. யூகமா ஊகமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஊகம் என்றே வைப்போம், ஊக வணிகத்தோடு ஒத்துப்போகும்.

தனித்தமிழ் அன்பர்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. பழந்தமிழில் ஊகம் என்றால் கருங்குரங்கு. கிளைக்குக் கிளை தாவுவது. கிளைக் கணிப்பை நம்பி ஓடும் புராசஸருக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

அடுத்தது இரண்டாம் பாதி. 'நிறைவேற்றம்' வேண்டும் என்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: நிறைவேறாமலே போகக்கூடிய ஒன்றை நிறைவேற்றம் என்று எப்படிச் சொல்வது? இங்கே சிக்கலின் மையமே அதுதான். புராசஸருக்குள் ஒரு கட்டளை இயங்குவது ஒரு கட்டம், அதன் விளைவு இனி மாறாது என்று ஏற்கப்படுவது இன்னொரு கட்டம். இரண்டாவதை ஆங்கிலத்தில் ரிட்டயர் என்கிறார்கள். ஊகத்தில் ஓடிய கட்டளை முதல் கட்டத்தைத் தாண்டும், தப்பானால் இரண்டாவதை எட்டாது. 'நிறைவேற்றம்' இரண்டாவதற்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! அங்கே வைப்போம். 'இயங்கியது, நிறைவேறவில்லை' என்று ஒரே வரியில் ஸ்பெக்டரைச் சொல்லிவிடலாம்.

'செயலாக்கம்' எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் 'செயலி'. புராசஸருக்குச் செயலி என்று பாடநூலில் படித்த தலைமுறை நாம். கைப்பேசி வந்தபின் ஆப்புக்கும் செயலி என்றார்கள், இப்போது அது அங்கேயே தங்கிவிட்டது. 'செயலியில் ஓட்டை' என்று செய்தி போட்டால் எந்தச் செயலியை நீக்குவது என்று கேட்கிறார்கள். இந்த மடலில் நான் புராசஸர் என்றே எழுதுவதும் அதனால்தான். அந்தக் குடும்பத்தில் இன்னொரு பிள்ளை வேண்டாம். 'ஊகவோட்டம்' நல்ல முயற்சி, நிரல் ஓடுகிறது என்றுதானே வாயாலும் சொல்கிறோம். ஆனால் எண்ணவோட்டம் என்ற சொல் முன்னால் நிற்கிறது. ஊகங்கள் வரிசையாக ஓடுவது என்று பொருள் மாறிவிடும்.

> எங்கட பக்கத்தில 'இயக்கம்' எண்டால் சனத்துக்கு முதல்ல நினைவுக்கு வாறது வேற.

தெரியும் அண்ணா. தமிழ்நாட்டிலும் இயக்கம் என்றால் கொடியும் மேடையும்தான் முதலில் வரும். இருந்தாலும் இயங்குதளம் இரண்டு கரையிலும் புழங்குகிறது, யாரும் குழம்பவில்லை. 'ஊக' முன்னால் ஒட்டியிருப்பதால் இதிலும் குழப்பம் வராது என்றே படுகிறது. அங்கே கணினி வகுப்பு எடுப்பவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்து எழுதுங்கள், உங்கள் சொல்லுக்கு நான் காத்திருக்கிறேன்.

> 2018-இல் அடைத்த ஓட்டைக்கு இப்போது எதற்குச் சொல்?

அடைபடவில்லை, அதனால்தான். உலாவிக்காரர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று பாருங்கள். ஸ்பெக்டர் கட்டுரையிலேயே ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக் காட்டியிருந்தார்கள். அதாவது நிரல் எதையும் நிறுவ வேண்டாம், ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். வெளியான மறுநாளே ஃபயர்ஃபாக்ஸ் 57.0.4 வந்தது. அதில் செய்தது ஓட்டையை அடைப்பது அல்ல, கடிகாரத்தை மழுங்கடிப்பது. பக்கங்களுக்குக் கிடைக்கும் நேர அளவை 20 மைக்ரோநொடிக்குக் குறையாதபடி ஆக்கினார்கள். துல்லியமான கடிகாரம் செய்துகொள்ள உதவும் பகிர்வு நினைவக வசதியையும் நிறுத்தினார்கள். அது 2020-இல்தான் புதிய கட்டுப்பாடுகளோடு ஃபயர்ஃபாக்ஸில் திரும்பி வந்தது.

உருப்படியான வேலையை முதலில் செய்தது குரோம். ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி பிராசஸில், அதாவது தனக்கென நினைவகம் உள்ள தனி ஓட்டத்தில், வைத்தார்கள். பக்கத்துத் தளத்தின் ரகசியம் அதே நினைவகத்தில் இல்லையென்றால், ஊகம் எல்லை தாண்டினாலும் எடுக்க ஒன்றும் இருக்காது. 2018 நடுவில் குரோம் 67-இல் கணினிகளுக்கெல்லாம் இயல்பாக்கினார்கள். அதன் விலை 10 முதல் 13 விழுக்காடு கூடுதல் நினைவகம் என்று கூகுளே சொன்னது. 4 ஜிபி ராம் கணினியில் குரோம் திணறுகிறது என்று திட்டுகிறோமே, அந்தத் திட்டில் ஒரு பங்கு புராசஸர் செய்தவர்களுக்குப் போக வேண்டும். நான் ஃபயர்ஃபாக்ஸ் ஆள், இருந்தாலும் சொல்கிறேன்: அங்கே இதே வேலை எல்லோருக்கும் வந்து சேர 2021 ஆயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு மேல் பின்தங்கியது சின்ன விஷயம் இல்லை. சஃபாரி நிலை இன்னும் மோசமாக இருந்தது. 2023-இல் ஐலீக்கேஜ் என்ற தாக்குதலைக் காட்டியவர்கள், ஒரு பக்கம் திறந்துவிடும் இன்னொரு தளத்தை அதே பிராசஸில் வைக்கும் சஃபாரியின் வழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள்.

நடுவில், 2021 மார்ச்சில், கூகுள் ஒரு செய்முறைப் பக்கத்தையே திறந்துவைத்தது. குரோம் 88-இல், ஆறாம் தலைமுறை இன்டெல் கணினி ஒன்றில், நொடிக்கு ஒரு கிலோபைட் வேகத்தில் நினைவகத்தைக் கசியவிட்டுக் காட்டினார்கள். கடவுச்சொல்லுக்கு ஒரு கிலோபைட் தாராளம்.

வன்பொருள் பக்கமும் ஒரு சொல். 'எல்லா புராசஸரும் ஓட்டை' என்று கையேட்டு வரைவில் இருக்கிறது, அது தவறு. ராஸ்ப்பெரி பை 3 என்ற சிறு கணினியில் இருப்பது கோர்டெக்ஸ் ஏ53 புராசஸர். கட்டளைகளை வரிசைப்படியே இயக்கும் எளிய வடிவம் அது. அதனால் ஸ்பெக்டரும் மெல்ட்டவுனும் அதைத் தொடவில்லை, பை நிறுவனமே 2018 ஜனவரியில் விளக்கம் எழுதியது. பை 4-க்கு வேகமான ஏ72 வந்தது, அதோடு ஸ்பெக்டரும் வந்தது. வேகம் வேண்டுமா, ஊகமில்லாமல் வேண்டுமா என்று கடையில் யாரும் கேட்பதில்லை. பழைய கணினியைத் தூக்கி எறியச் சொல்லும் வரைவுப் பத்தியையும் எடுத்துவிடலாம். உலாவியையும் இயங்குதளத்தையும் புதுப்பித்து, கணினியைத் தொடக்கும் பயாஸ் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு இருந்தால் அதையும் போட்டுக்கொண்டாலே வீட்டுப் பயனருக்கு முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஆக, கையேட்டின் அந்த வரியை இப்படி மாற்ற முன்மொழிகிறேன்: 'புராசஸரின் கிளைக் கணிப்பைத் தவறாகப் பழக்கி, ஊக இயக்கத்தில் எல்லை தாண்டிப் படிக்க வைப்பது ஸ்பெக்டர் தாக்குதல். அப்படி இயங்கிய கட்டளைகள் நிறைவேறுவதில்லை, ஆனால் கேஷில் தடம் விட்டுச் செல்கின்றன.' இதே வாக்கியத்தில் 'முன்னியக்கத்தில்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள், எல்லை ஏன் தாண்டியது என்று தெரியாது.

நேரம் போன்ற மறைமுகத் தடயங்கள் வழியே ரகசியம் வெளியேறும் சைடு சானலுக்கு 'பக்க வாய்க்கால்' என்று ஒருவர் எழுதியிருந்தது என் மனதுக்கு ஒட்டவில்லை. வாய்க்கால் யாரோ வெட்டியது, இது யாரும் வெட்டாமல் கசிவது. 'புறக்கசிவு' பற்றித் தனி இழையில் பேசுவோம், இதில் கலக்க வேண்டாம்.

எழுத்துமுறை மட்டும் மிச்சம். இலக்கணப்படி 'ஊகவியக்கம்' என்று சேர்த்து எழுதலாம், ஆனால் அதைப் பார்ப்பவர் '-இயல்' என்று முடியும் துறைப் பெயர்களில் ஒன்றாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது, தேடும்போது 'ஊக' என்று தனியாகத் தட்டினாலும் அகப்படாமல் போகலாம். 'ஊக இயக்கம்' என்று பிரித்தே பட்டியலில் ஏற்றும்படி ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.