'நியூட்ரல்' என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொல் வேண்டும்: ஐஷேடோ, பிளஷ் மதிப்புரைக்கான கலைச்சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

அன்றாட ஒப்பனைக்கு ஏற்ற ஐஷேடோ (இமையில் இடும் நிறம்), பிளஷ் (கன்னத்தில் இடும் நிறம்) பற்றித் தமிழில் மதிப்புரை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே 'நியூட்ரல்' வந்து நிற்கிறது. அதை 'நடுநிலை நிறம்' என்று எழுத வேண்டாம் என்பது என் கருத்து. நடுநிலை என்றால் எதற்கும் எதற்கும் நடுவே என்ற கேள்வி வரும். மணல்நிறத்திடமும் காப்பிப்பழுப்பிடமும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

ஒப்பனையில் அந்த ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, நிறத்தின் செறிவு குறைந்திருப்பதைச் சொல்கிறது. மற்றொன்று, அடிச்சாயல் (நிறத்தின் அடியில் தெரியும் சாய்வு) மஞ்சள் பக்கமும் போகாமல் நீலப் பக்கமும் போகாமல் நிற்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. செங்கல்பழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். செறிவு குறைவு, கண்ணை உறுத்தாது, தினமும் போடலாம். ஆகவே முதல் பொருளில் அது நியூட்ரல். ஆனால் அதன் சாயல் முழுக்க ஆரஞ்சுப் பக்கம். இரண்டாம் பொருளில் அது நியூட்ரலே இல்லை. மறுபக்கம், ஆரஞ்சும் ஏறாமல் நீலமும் ஏறாமல் இருக்கும் பளிச்சென்ற சிவப்பு பிளஷ் இரண்டாம் பொருளில் நியூட்ரல், முதல் பொருளில் அதற்கு நேர் எதிர். 'நியூட்ரல் பேலட்' (பல நிறக் கிண்ணங்கள் சேர்ந்த பெட்டி) என்று படித்து வாங்கியவர் திறந்து பார்த்தால் நான்கு கிண்ணமும் வெம்மையான பழுப்பாக இருப்பது இந்தக் குழப்பத்தால்தான்.

அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வெளியிட்ட நிறமுறை, நிறத்தை நிறவகை, ஒளிர்வு, செறிவு என்று மூன்றாகப் பிரித்தது. நம் முதல் பொருள் செறிவைப் பற்றியது; இரண்டாவது நிறவகையைப் பற்றியது. அளக்கும்போதே தனித்தனியாக நிற்பவற்றை ஒரே சொல்லில் கட்ட வேண்டிய தேவை தமிழுக்கு இல்லை. என் முன்மொழிவு:

அடங்குநிறம் – செறிவு குறைந்த நிறம். 'அடக்கமான கலர்' என்று புடவை எடுக்கும்போது சொல்கிறோமே, அதே பொருள். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது.

நடுச்சாயல் – வெம்மைக்கும் குளிர்மைக்கும் நடுவே நிற்கும் அடிச்சாயல். இங்கே 'நடு' பொருந்துகிறது, ஏனென்றால் இரண்டு பக்கம் உண்மையிலேயே இருக்கின்றன.

பொருளின் பெயரையும் முடிவு செய்துவிடலாம். 'கண்நிழல்' வேண்டாம்; கண்ணுக்குக் கீழே வரும் கருவளையத்தைத்தான் அது நினைவூட்டும். 'இமைச்சாயம்' என்பதிலும் எனக்குத் தயக்கம். சாயம் ஊறிப் பிடிப்பது, துணிக்கும் முடிக்கும் ஆவது. இது இமையின் மேலே தங்கி இரவில் துடைத்தால் போய்விடுவது. 'இமைத்தூள்' என்றால் கிரீம் வகை வெளியே நிற்கும். ஆகவே இமைப்பூச்சு. பிளஷுக்குக் கன்னப்பூச்சு. 'கன்னச்சிவப்பு' கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இன்று விற்கும் பிளஷில் பாதி சிவப்பே இல்லை; பீச்சும் பழுப்பும் மங்கிய ஊதாவும் உண்டு.

கருத்துச் சொல்லுங்கள்.

---

மறுமொழி 1

அம்மா, வணக்கம்.

> ஆகவே இமைப்பூச்சு.

ஏற்கிறேன். 'அடங்குநிறம்' சரியான சொல் என்பதற்கு நிறமி தயாரிக்கும் பக்கத்திலிருந்து ஒரு காரணம் தருகிறேன்.

இந்தப் பழுப்புகள் ஏறக்குறைய எல்லாமே மூன்று இரும்பு ஆக்சைடுகளின் கலவை: சிவப்பு (சி.ஐ. 77491; சி.ஐ. என்பது பெட்டியில் அச்சிடும் நிறமி எண்), மஞ்சள் (சி.ஐ. 77492), கறுப்பு (சி.ஐ. 77499). வெளிர வைக்க டைட்டானியம் டையாக்சைடு (சி.ஐ. 77891). பழுப்பு என்பது ஒளிர்வும் செறிவும் குறைந்த ஆரஞ்சுதான். வானவில்லில் பழுப்புக்குத் தனி இடம் இல்லை. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த ஆரஞ்சைக் கறுப்பு அடக்குகிறது. அடங்கி வந்த நிறம் என்பது செய்முறைக்கே பொருந்துகிறது. கறுப்பைக் கூட்டி மஞ்சளைக் குறைத்து, சற்றே அல்ட்ராமரைனோ (சி.ஐ. 77007) மாங்கனீஸ் ஊதாவோ (சி.ஐ. 77742) சேர்த்தால் 'டோப்' என்கிற சாம்பல்பழுப்பு கிடைக்கும். ஆகவே பெட்டியின் பின்புறத்தைப் படித்தாலே சாயலை ஓரளவு ஊகிக்கலாம். ஒரு எச்சரிக்கை: பேலட்டில் எல்லாக் கிண்ணத்துக்கும் சேர்த்து ஒரே பட்டியல் போட்டு, 'இருக்கலாம்' என்ற குறியோடு நிறமிகளை அடுக்கியிருந்தால் அது எந்தக் கிண்ணத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது.

வேறொரு சொல்லையும் திருத்த வேண்டும். பூசிய சில மணி நேரத்தில் நிறம் கருத்தால் 'ஆக்சிடைஸ் ஆகிவிட்டது' என்று எழுதுகிறார்கள், அதைத் தமிழில் 'ஆக்சிஜனேற்றம்' என்று பெயர்க்கிறார்கள். பிழை. இந்த நிறமிகள் ஏற்கெனவே ஆக்சைடுகள். தோலின் வெப்பத்தில் அவற்றுக்கு மேற்கொண்டு ஒன்றும் ஆகாது. நடப்பது வேறு: தோலின் எண்ணெய் தூளுக்குள் ஊறுகிறது. துகள்களுக்கு இடையே காற்று இருந்தவரை ஒளி சிதறி நிறம் வெளிறித் தெரிந்தது. காற்றின் இடத்தில் எண்ணெய் வந்ததும் சிதறல் குறைந்து நிறம் ஆழமாகிறது. உலர்ந்த மண்ணில் தண்ணீர் தெளித்தால் கருக்கிறதே, அதேதான். ஊறிக் கருத்தல் என்று எழுதினால் காரணமும் சொல்லிலேயே வந்துவிடும்.

மினுக்கத்துக்கும் அளவு வைத்துப் பெயரிடலாம். மினுக்கம் தரும் மைக்காத் துகள் ஏறத்தாழ 15 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் பட்டுத்துணி போன்ற மென்மினுக்கம். அதற்கு மேல் 60 வரை வழக்கமான முத்துமினுக்கம். 100-ஐத் தாண்டினால் தனித்தனிப் புள்ளியாகத் தெறிக்கும், அது பொறிமினுக்கம். துகள் பெரிதாகும்போது இமையில் பிடிப்பும் குறையும், உதிர்வும் கூடும். மினுக்கமே இல்லாத 'மேட்' வகைக்கு மங்குபூச்சு போதும்.

---

மறுமொழி 2

அக்கா, ஐயா, இருவருக்கும் வணக்கம்.

இரண்டு சொல்லும் நன்று. ஆனால் தோலை விட்டுவிட்டுப் பேசுகிறோம். அடங்குநிறம் கிண்ணத்தில் அடங்கியிருந்தால் போதாது, முகத்திலும் அடங்க வேண்டும். வெளிர்ந்த மணல்நிறம் வெளிறிய தோலில் தெரியாமல் அடங்கும். கருநிறத் தோலில் சுண்ணாம்பு அடித்ததுபோல் எடுப்பாகத் தெரியும். அங்கே அது அடங்குநிறமே அல்ல. யாரோ 'மாநிறம்' என்றே வைத்தால் என்ன என்று கேட்கக்கூடும். அது தோலின் பெயர், பூச்சின் பெயர் அல்ல. ஒரே ஒரு தோலை அளவுகோலாக்கிவிடும்.

இந்தச் சாம்பல் படிந்த தோற்றத்துக்கு 'ஆஷி' என்கிறார்கள். தமிழில் சொல் தயாராக இருக்கிறது: நீறுபூத்தல். நீறு பூத்த நெருப்பு என்கிறோம். உள்ளே கனல், மேலே சாம்பல். கருநிறக் கன்னத்தில் வெள்ளை கூடிய பூச்சு இடும்போது நடப்பது அதே. 'பசலை' என்ற யோசனை வந்தால் நான் மறுப்பேன். பசலை தோலே நிறம் மாறுவது, அதைப் பொன்னிறம் என்றும் பாடியிருக்கிறார்கள். நமக்கு வேண்டியது மேலே படிவதைச் சொல்லும் சொல்.

நீறுபூப்பதற்குக் காரணம் பெரும்பாலும் டைட்டானியம் டையாக்சைடு. அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 2.5 முதல் 2.7 வரை, டால்க், மைக்கா இரண்டும் 1.6-க்குச் சற்றுக் கீழே. எண்ணெய் பட்டதும் டால்க் ஏறக்குறைய கண்ணாடிபோல் ஆகிவிடும், டைட்டானியம் வெள்ளையாகவே நிற்கும். அதனால் கிண்ணத்தில் மட்டும் பார்த்து மதிப்புரை எழுதக் கூடாது.

சோதனையை நான் இப்படி வைப்பேன். விரலால் தேய்த்த கோடு ஏமாற்றும். விரலின் ஈரமும் அழுத்தமும் எந்தத் தூளையும் அடர்த்தியாகக் காட்டும். தினமும் போடுவது தூரிகையால், ஆகவே தூரிகையால் பாருங்கள். முன்கையில் இரண்டு பட்டை: ஒன்று வெறும் தோலில், ஒன்று பிரைமர் (பூச்சு பிடிக்க முன்னால் இடும் அடிப்படலம்) மேல். ஒவ்வொன்றிலும் ஒருமுறை தொட்டு, தட்டி, இரண்டு இழுப்பு. சன்னலோரம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சம். படம் எடுப்பதானால் 18 விழுக்காடு சாம்பல் அட்டையை முதல் படத்தில் வைத்து வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) பூட்டிவிடுங்கள். கேமரா தானாகச் சரிசெய்ய விட்டால் வெம்மைப் பழுப்பைக் குளிராக்கிக் காட்டும், பிறகு நடுச்சாயல் என்று எழுதுவதற்கே பொருள் இருக்காது. பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஊறிக் கருத்தல் அதற்குள் தொடங்கியிருக்கும். பிறகு இமையிலும் கன்னத்திலும் இட்டு 4 மணி நேரத்திலும் 8 மணி நேரத்திலும் குறிப்பு.

'பிளெண்டிங்'குக்கு இழைத்தல் என்று ஏற்கெனவே எழுதுகிறேன். சந்தனம் இழைப்பது போல ஓரம் கரைந்து போவது. எவ்வளவு எளிதில் கரைகிறது என்பதற்கு இழைவு. இழைவு கெடுவது எப்போதும் பூச்சின் குற்றமல்ல. ஈரம் காயாத பவுண்டேஷன் மேல் தூள் பிளஷைத் தொட்டால் தொட்ட இடத்திலேயே கவ்விக்கொண்டு திட்டாக நிற்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, அடியில் உள்ளதுதான் கிளம்பி வரும். மெல்லிய நிறமற்ற பவுடர் ஒரு படலம் இட்ட பிறகு அதே பிளஷை வையுங்கள், வழுக்கிக்கொண்டு பரவும். மதிப்புரையில் திட்டு என்று எழுதுமுன் இந்த இரண்டு நிலையிலும் பார்த்தாக வேண்டும்.

கிண்ணத்தின் மேல் பளபளவென்று ஓடுபோல் இறுகி, தூரிகையில் தூளே ஏறாமல் போவதும் இப்படித்தான். தோலின் எண்ணெய் தூரிகை வழியே கிண்ணத்துக்குத் திரும்பியிருக்கிறது. ஒட்டுநாடாவை ஒற்றி எடுத்தால் மேலோடு வந்துவிடும். இதற்கு ஓடுகட்டுதல், காயத்தில் பொருக்குக் கட்டுவதோடு குழம்பாமல் இருக்கட்டும்.

உதிர்வை மட்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். தூரிகை பட்டதும் கிண்ணத்தில் தூள் கிளம்புவது தூளெழல், இமையிலிருந்து கன்னத்தில் விழுவது தூளுதிர்வு. முதலாவது தூரிகையைத் தட்டினால் தீரும். இரண்டாவதுக்குப் பூச்சை இழுக்காமல் ஒற்றி வைக்க வேண்டும், அல்லது கண்ணை முடித்துவிட்டுப் பிறகு பவுண்டேஷன் போட வேண்டும். ஒரே சொல்லில் 'உதிர்கிறது' என்று எழுதினால் வாசிப்பவருக்கு எந்தத் தீர்வு என்று தெரியாது.

---

மறுமொழி 3

தங்கைக்கும் ஐயாவுக்கும் நன்றி.

> முகத்திலும் அடங்க வேண்டும்.

இது என் முன்மொழிவில் விடுபட்டிருந்தது, ஏற்றுக்கொள்கிறேன். வரையறையைத் திருத்துகிறேன். அடங்குநிறம்: செறிவு குறைந்ததும், இடப்படும் தோலின் ஒளிர்விலிருந்து பெரிதும் விலகாததுமான நிறம். அப்படியானால் தோலைக் குறிப்பிடாமல் 'இது அடங்குநிறம்' என்று எழுத முடியாது. அது நல்லதே. மதிப்புரையின் தலைப்பிலேயே சோதித்த தோலின் ஆழமும் அடிச்சாயலும் வந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

நடுச்சாயலுக்கும் இதே நிபந்தனை உண்டு. பக்கத்து நிறம் எதிர்நிறத்தை ஏற்றிக் காட்டும் என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839-இலேயே எழுதிவிட்டார். மஞ்சள் ஏறிய தோலில் சாம்பல்பழுப்பு ஊதாவாகத் தெரிவது அதனால்தான். கிண்ணத்தில் நடுச்சாயல், இமையில் குளிர்சாயல் என்று இரண்டையும் எழுத வேண்டும்.

பிளஷை இமையில் இடலாமா என்ற கேள்வி மதிப்புரைகளில் அடிக்கடி வருவதால் ஒரு குறிப்பு. இரும்பு ஆக்சைடு மட்டும் உள்ள பழுப்புக் கன்னப்பூச்சில் சிக்கல் இல்லை. சிவப்பு 7 (சி.ஐ. 15850) போன்ற லேக் (கரையாத தூளாக்கிய சாயம்) நிறமிகளுக்குக் கண்பகுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடையாது, கார்மைனுக்கு (சி.ஐ. 75470) உண்டு. 'கண்பகுதிக்கு அல்ல' என்ற வரி பெட்டியில் இருந்தால் அதை மதிப்புரையிலும் எழுதுவோம்.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு மாதிரி எழுதினேன்:

"சோதித்த தோல்: கருநிறம், வெம்மையான அடிச்சாயல். நான்கு கிண்ண இமைப்பூச்சு. மூன்று மங்குபூச்சு, ஒன்று மென்மினுக்கம். முதல் கிண்ணம் இந்தத் தோலில் நீறுபூக்கிறது. இரண்டாவது, மூன்றாவது அடங்குநிறம். இரண்டாவது மட்டும் நடுச்சாயல். இழைவு நன்று, ஆறேழு சுழற்றலில் ஓரம் கரைகிறது. தூளெழல் உண்டு, தூளுதிர்வு இல்லை. 8 மணி நேரத்தில் மூன்றாவது ஒரு படி ஊறிக் கருத்தது; இமைமடிப்பில் கோடு விழவில்லை."

வாசிக்கத் தடையில்லை என்றே நினைக்கிறேன். 'இமைமடிப்பில் கோடு விழுதல்' மட்டும் நீளம். 'மடிப்புக்கோடு' என்று சுருக்கலாமா, அல்லது அது புடவை மடிப்போடு போய்விடுமா என்று தங்கைதான் சொல்ல வேண்டும்.