கிரேஹவுண்ட் நொண்டுது, எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. யாருக்காவது இப்படி?

சோபா இழந்தவன், மெல்பர்ன்

ரேஸ்ல இருந்து ஓய்வு பெத்த நாய், ஆறு வயசு, பேரு முறுக்கு. எங்கிட்ட வந்து ரெண்டு வருஷம். ஒன்பது வாரமா இடது முன்னங்கால். காலையில எந்திரிச்சதும் தாங்கித் தாங்கி நடப்பான், சமையலறை வர்றதுக்குள்ள சரியாயிடும். வாரத்துல ரெண்டு நாள் சுத்தமா இருக்காது. தோள்ல இருந்து விரல் வரைக்கும் எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. டாக்டர் முன்னாடி மட்டும் நொண்டவே மாட்டான், அது உங்களுக்கே தெரியும். கார்ல இருந்து மூணு கால்ல வந்தவன் உள்ள போனதும் சிலை மாதிரி நிக்கிறான்.

இதை எழுதக் காரணம் போன செவ்வாய்க்கிழமை ராத்திரி. சோபால இருந்து இறங்கும்போது கத்தினான் பாருங்க. இந்த ஜாதி வச்சிருக்கவங்களுக்கு அந்தக் கத்தல் தெரியும். எறும்பு கடிச்சாலும் அதே கத்தல், எலும்பு முறிஞ்சாலும் அதே கத்தல். மாடி வீட்டு அம்மா செருப்புகூடப் போடாம இறங்கி வந்து கதவைத் தட்டுறாங்க. நான் போய்ப் பாத்தா, காலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, என்னைப் பாக்காம செவுத்தைப் பாத்துட்டு நிக்கிறான். பத்து நிமிஷத்துல ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டு ஓடி வந்தான். நொண்டல் இல்ல. எனக்குத்தான் விடியற வரைக்கும் தூக்கம் இல்ல.

கரிசல்காட்டான், கோவில்பட்டி

எங்களுது சிப்பிப்பாறை. கிரேஹவுண்ட் இல்லன்னாலும் அதே ஒல்லி உடம்பு, அதே ஓட்டம், அதனால எழுதுறேன். மொதல்ல இடது முன்னங்கால். வேலிக்கருவை முள்ளுதான்னு முடிவு பண்ணி ஊக்கை வச்சு அரை மணி நேரம் நோண்டினோம். முள்ளு இல்ல. தாத்தா மஞ்சள் பத்துப் போட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு அந்தக் கால் சரியாகி வலது பின்னங்கால் நொண்டுது. "நடிக்குதுடா"ன்னு வீட்டுல ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை காலையில அம்மா போட்ட கோலத்து மேல படுத்துக் கெடந்துச்சு. எழுப்பி விரட்டினா, வெள்ளை மாவுல மூணு சொட்டு ரத்தம். மூக்குல இருந்து. அந்த மூணு சொட்டு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. வண்டியில தூக்கிப் போட்டு திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்கு ஓடுனோம். எர்லிகியான்னு ஒரு கிருமியால வர்ற உண்ணிக் காய்ச்சல். ரத்தத் தட்டணு 22,000-தான் இருந்துச்சு. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். பிழைச்சிருச்சு. கால் மாறி மாறி நொண்டினா முள்ளைத் தேடாதீங்க, உண்ணியைத் தேடுங்க.

வட்டத்தடம்

ரேஸ் நாய்னா வலது பின்னங்கால்தான் போகும். தடத்துல இடது பக்கமாவே திரும்பித் திரும்பி ஓடுறதால பாரம் பூரா வலது கணுக்கால்ல விழும், அங்கதான் எலும்பு விரிசல் விடும். என்னோடதுக்கு அப்படித்தான், குளிர் வந்தா இப்பவும் நொண்டும். பழைய காயமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. அப்புறம் கரிசல்காட்டான் அண்ணே, ஆஸ்திரேலியாவுல உண்ணிக் காய்ச்சல் கிடையாது.

தென்காசி மக, சிட்னி

வட்டத்தடம், அவர் இடது முன்னங்கால்னு எழுதியிருக்கார். படிச்சுட்டு எழுதுங்க. உண்ணிக் காய்ச்சல் 2020-லயே மேற்கு ஆஸ்திரேலியாவுல வந்தாச்சு. மெல்பர்னை விட்டு வெளிய போகாத நாய்க்கு வர்ற வாய்ப்பு கம்மி, அவ்வளவுதான்.

சோபாக்காரரே, உங்ககிட்ட ஒரே கேள்வி. சிமென்ட் நடைபாதையில நொண்டிட்டு, புல்லுல ஏறினதும் நல்லா நடக்கிறானா? எங்க வீட்டுல அப்படித்தான். சோம்பேறித்தனம்னு நினைச்சு நாலு மாசம் வாரைப் பிடிச்சு ரோட்டுல இழுத்துட்டுப் போயிருக்கேன். நான்தான்.

அம்மா என் பேறுகாலத்துக்கு வந்திருந்தாங்க. நாயை வீட்டுக்குள்ள விடுறதே அவங்களுக்குப் பிடிக்காது. ஒரு மழை நாள், சேத்தோட வந்திருச்சுன்னு திட்டிக்கிட்டே ஈரத்துணியால காலைத் துடைச்சவங்க, பாதியில திட்டை நிறுத்திட்டாங்க. கண்ணாடியை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. "ஏட்டி, இது கால் ஆணில்லா? உங்கப்பாவுக்கு இருந்துச்சே, அதேதான்." விரல் மெத்தை நடுவுல மிளகு அளவுக்கு வெளுப்பா ஒரு வட்டம். காஞ்சிருந்தப்ப கண்ணுக்கே தெரியல, நனைஞ்சதும் தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் பிடிச்சு லேசா அமுக்கினதும் காலை உருவிக்கிட்டா. மூணு தடவை எக்ஸ்ரே எடுத்தோம். எக்ஸ்ரேல ஆணி எங்க தெரியும்?

டாக்டர் அதைத் தோண்டி எடுப்பார், ஆறு வாரத்துல திரும்ப முளைக்கும். விரல் தசைநாரை வெட்டி விட்டா மெத்தை மேல விழுற அழுத்தம் குறையும்னு ஒரு ஆபரேஷன் சொல்றாங்க. நாங்க இன்னும் முடிவு பண்ணல. அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. வீடியோ கால்ல மொதல்ல நாயோட காலைத்தான் காட்டச் சொல்றாங்க, அப்புறந்தான் பேத்தி.

குளிர்காலம், குரோய்டன்

எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். எங்க சுப்பு அயர்லாந்து நாய், ரெண்டு காதுலயும் பச்சை குத்தியிருக்கும். எட்டு வயசு. முதல் எக்ஸ்ரே சுத்தம். மெலாக்சிகாம்னு வலி மருந்து குடுத்ததும் பத்து நாள் பார்க்ல பழையபடி ஓடினான். கேட்டவங்களுக்கெல்லாம் "சுளுக்குங்க"ன்னு சொன்னேன். அஞ்சு வாரம் அதையே சொன்னேன்.

ரெண்டாவது தடவை போனப்ப டாக்டர் தோள் மூட்டுக்குக் கீழ அழுத்தினார். சுப்பு கத்தல. நகம் வெட்டினாலே ஊரைக் கூட்டுறவன். தலையைத் திருப்பி என் மணிக்கட்டை வாயால கவ்விப் பிடிச்சுக்கிட்டான். பல்லு படவே இல்ல, சும்மா பிடிச்சுக்கிட்டான். அப்பவே தெரிஞ்சு போச்சு. அன்னிக்கு எடுத்த படத்துல எலும்பு ஓரம் செல்லரிச்ச பலகை மாதிரி இருந்துச்சு. புற்று. காலை எடுக்கலாம்னாங்க, நுரையீரல்லயும் புள்ளி இருக்குன்னதும் நாங்க வேண்டாம்னுட்டோம்.

எல்லா நொண்டலும் இது இல்ல. இதுல பயமுறுத்தவும் எனக்கு விருப்பம் இல்ல. முதல் எக்ஸ்ரே சுத்தம்னா ரெண்டு மூணு வாரத்துல இன்னொண்ணு எடுங்க. வட்டத்தடம், "பயப்படாதீங்க"ன்னு எனக்கும் நிறையப் பேர் சொன்னாங்க.

நாலுகால் நண்பன், கோவை

எங்க வீட்டுல லாப்ரடார்தான். அவனும் ஒரு தடவை நொண்டினான், ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு. ஆனா பொதுவா சில விஷயம் சொல்றேன். டாக்டர் முன்னாடி நொண்ட மாட்டான்னா வீட்டுலயே போன்ல ஸ்லோ மோஷன்ல எடுங்க. முன்னங்கால் வலின்னா, வலிக்கிற கால் தரையில படும்போது தலை மேல போகும், நல்ல கால் படும்போது கீழ இறங்கும். எந்தக் கால்ங்கிற சண்டை அதுலயே தீர்ந்துடும். டைல்ஸ் தரையில பாய் விரிங்க. சோபால ஏற விடாதீங்க. பாராசிட்டமால், புரூஃபன், டைக்ளோஃபெனாக்னு நம்ம வீட்டு மாத்திரை எதையும் குடுத்துடாதீங்க, வயித்துல புண்ணாகி ஈரல், சிறுநீரகம் போன நாய் உண்டு. ரத்தப் பரிசோதனை எடுத்தா கிரேஹவுண்டுன்னு சொல்லி எடுங்க, அதுகளுக்கு சிவப்பணு மத்த நாய்களை விட அதிகமா இருக்கும், தட்டணு இயல்பாவே கம்மி. தெரியாத ஆள் பாத்தா நீர் வத்திப்போச்சு, காய்ச்சல்னு எதையாவது எழுதிடுவாங்க. மயக்க மருந்து குடுக்கணும்னாலும் இந்த ஜாதியைப் பாத்துப் பழகின டாக்டர்கிட்ட போங்க, சில மருந்துல இதுக தெளிய ரொம்ப நேரமாகும். எடையையும் கவனிங்க. பிரண்டைத் துவையல் சாதத்துல பிசைஞ்சு தினமும் ஒரு உருண்டை குடுங்க, எலும்புக்கு நல்லதும்பாங்க. அப்புறம் காலை வெயில்ல அரை மணி நேரம்...

கரிசல்காட்டான், கோவில்பட்டி

துவையல்ல பூண்டு போடுவாங்கய்யா. நாய்க்கு ஆகாது. மூக்குல ரத்தம் வந்தது தட்டணு இயல்பாவே கம்மிங்கிறதால இல்ல, அதையும் சொல்லிக்கிறேன்.

நாலுகால் நண்பன், கோவை

பூண்டு போடாமத்தான் சொன்னேன் சகோ. உங்க நாயைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலையே.

சோபா இழந்தவன், மெல்பர்ன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, புல்லுல விட்டுப் பாத்தேன், அங்கயும் நொண்டுறான். விரலை நனைச்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன், மெத்தை எல்லாம் கருப்பா வழுவழுன்னு இருக்கு. கோவைக்காரர் சொன்ன மாதிரி வீடியோ எடுத்தேன். இடது கால் தரையில படும்போதுதான் தலை மேல போகுது. வியாழக்கிழமை மறுபடியும் எக்ஸ்ரே.

குரோய்டன்காரரே, நீங்க எழுதினதைப் படிச்சதுல இருந்து அவன் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன். நாலு காலையும் மேல தூக்கிப் போட்டுத் தூங்குறான். தோளை அழுத்திப் பாக்கலாம்னு ரெண்டு தடவை கையைக் கொண்டு போனேன். அழுத்தல.