பைத்தான் லாகிங்: ஹேண்ட்லருக்கு டீபக் வைத்தும் ஃபைலில் இன்ஃபோ விழவில்லை

மன்னை_மோட்டார்:
வயலில் போர் மோட்டாருக்கு ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் பைத்தான் நிரல் ஓடுகிறது. பதிவுகளை ஃபைலில் எழுதும் ஃபைல் ஹேண்ட்லருக்கு லெவல் டீபக் (எல்லாவற்றையும் எழுது) என்றுதான் வைத்திருக்கிறேன், ஆனாலும் "ஒரு ஃபேஸ் இல்லை" மாதிரி வார்னிங் மட்டும்தான் ஃபைலில் விழுகிறது, இன்ஃபோவாகப் போட்ட "மோட்டார் ஆன்" காணவே காணோம். மேட்டூர் திறக்கும் முன்பே போர் தண்ணீரில் குறுவைக்கு நாற்று விட்டாச்சு, ராத்திரி மும்முனை கரண்ட் வந்து தண்ணீர் பாய்ந்ததா என்று காலையில் இதைப் பார்த்துத்தான் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். என்ன விட்டுப்போச்சு?

குடந்தை_கோடர்:
லாகருக்கு (நிரலிலிருந்து செய்தியை வாங்கும் பகுதி) லெவல் வைத்தீர்களா தம்பி? தலைமதகு மூடியிருக்கும்போது வயல் மடையைத் திறந்து என்ன பயன்? செய்தி முதலில் லாகரைத் தாண்ட வேண்டும், அப்புறம்தான் ஹேண்ட்லர். வைத்த லெவலைவிடக் குறைந்த எண் உள்ள செய்தி நின்றுவிடும்: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எல்லா லாகர்களுக்கும் மேலே உள்ள ரூட் லாகர் 30-இல் நிற்கும், கீழே உள்ள லாகர்களும் அதையே எடுத்துக்கொள்ளும். லாகரின் நடப்பு லெவலைச் சொல்லும் கெட்எஃபெக்டிவ்லெவலை அச்சிட்டுப் பாருங்கள், 30 என்றுதான் வரும்.

மன்னை_மோட்டார்:
ரூட்டை அமைக்கும் பேசிக்கான்ஃபிக்கில் லெவல் இன்ஃபோ கொடுத்தும் அசையவில்லை அண்ணே.

ஆரூர்_டெர்மினல்:
அதற்கு முன்பே ரூட்டில் உங்கள் ஃபைல் ஹேண்ட்லரைச் சேர்த்திருப்பீர்கள். ரூட்டில் ஏதாவது ஹேண்ட்லர் இருந்தால் பேசிக்கான்ஃபிக் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும், ஒரு பிழைச்செய்திகூட வராது (இந்த லைப்ரரியிலேயே எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான்). பைத்தான் 3.8 முதல் அதில் ஃபோர்ஸ் என்ற தேர்வு உண்டு, ஆனால் அது பழைய ஹேண்ட்லர்களை எல்லாம் கழற்றிப் போட்டுவிடும், உங்களுடையதும் போகும்.

அதனால் ரூட்டைத் தொடாதீர்கள். நிரலின் பெயரில் தனி லாகர் எடுத்து, அதற்கு மட்டும் செட்லெவலில் இன்ஃபோ கொடுங்கள். அங்கிருந்து மேலே போகும் செய்திக்கு ரூட்டின் லெவலைப் பார்ப்பதில்லை, ரூட்டில் உள்ள ஹேண்ட்லரின் லெவலை மட்டும்தான் பார்க்கும், அது உங்களிடம் டீபக்கில்தானே இருக்கிறது. ரூட்டையே டீபக்குக்கு இறக்கினால் யூஆர்எல்லிப்3 (இணையத்தோடு பேச உதவுவது) மாதிரி லைப்ரரிகளும் தங்கள் பங்குக்கு எழுதித் தள்ளும், எஸ்டி கார்டு தாங்காது.

குடந்தை_கோடர்:
கார்டுக்காக ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர் (ஃபைல் நிறைந்ததும் புதிதாகத் தொடங்குவது) போடுவதாக இருந்தால் மேக்ஸ்பைட்ஸோடு (ஃபைலின் உச்ச அளவு) பேக்கப்கவுண்டும் (வைத்திருக்கும் பழைய ஃபைல்களின் எண்ணிக்கை) கொடுங்கள். பேக்கப்கவுண்டை 0-இல் விட்டால் ஃபைல் சுழலாது, வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.