கடல் தடுப்புச் சுவருக்குப் பின்னால் மண் உள்வாங்குகிறதா? உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் சுவரை ஒட்டிய தரையில் அடிக்கடி குழி விழும். மண் கொட்டினால் அதுவும் சில வாரங்களில் காணாமல் போகும். ஓதம் (கடல் நீரின் ஏற்றம்) வற்றிய நேரத்தில் கடல் பக்கம் இறங்கிப் பார்த்தேன். இரண்டு கான்கிரீட் பலகைகள் சேரும் இடுக்கிலிருந்து கலங்கல் நீர் கசிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் எங்கள் மணல் குவிந்து கிடந்தது.

ஓதம் ஏறும்போது சுவருக்குப் பின்னால் உள்ள மண்ணும் நீரால் நிரம்புகிறது. வற்றும்போது கடல் மட்டம் சீக்கிரம் இறங்கிவிடும், மண்ணுக்குள் நிற்கும் நீர் அந்த வேகத்தில் இறங்காது. அது கிடைத்த இடுக்கு வழியே பாய்கையில் நுண்மணலையும் அரித்துச் செல்கிறது. அதனால் மேலிருந்து எவ்வளவு மண் போட்டாலும் வீண்தான்.

வெளிப்பக்கம் முழுக்கச் சிமெண்ட் பூசி, நீர் வெளியேறச் சுவரில் விட்டிருக்கும் வடிதுளைகளையும் அடைத்துவிடலாம் என்றார் ஒரு ஒப்பந்ததாரர். நான் திட்டவட்டமாக மறுத்தேன். வடிய வழியில்லாத நீர் சுவரையே கடல் பக்கம் தள்ளிச் சாய்த்துவிடும். மணலை நிறுத்த வேண்டும், நீரைப் போகவிட வேண்டும். இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

முதலில் குழியில் சாயம் கலந்த நீரை ஊற்றி, அது எங்கெங்கே வெளிவருகிறது என்று குறித்துக்கொண்டோம். பிறகு சுவரை ஒட்டிக் குழாய்களை இறக்கி, பாலியூரித்தேன் பிசினைக் கீழிருந்து மேலாகச் செலுத்தினார்கள். நீர் பட்டதும் அது நுரைத்துப் பெருகி, இடுக்கை நிரப்பி இறுகுகிறது. ஓடும் நீரில் சாதாரண சிமெண்ட் கரைசல் இறுகுவதற்குள் கரைந்து போய்விடும். வடிதுளைகளுக்குப் பின்னால் மண்ணைத் தடுக்கும் வடிகட்டிகளைப் பொருத்தினோம். குழிகளை அதன் பிறகே நிரப்பினோம். இப்போது வடிதுளையில் வருவது தெளிந்த நீர்.

*

எங்களுடையது பழைய கல் சுவர். கற்கள் சேரும் இணைப்புகள் நன்றாகவே இருந்தன. அலைகள் சுவரின் அடியை அரித்திருந்ததால் மண் அஸ்திவாரத்துக்குக் கீழே நழுவிப் போயிருந்தது. பிசின் மட்டும் போதவில்லை. கடல் பக்கம் ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, அதன்மேல் பெரிய பாறைகளை அடுக்க வேண்டியிருந்தது. கரையில் கை வைப்பதற்கு முன் அனுமதி வாங்கிவிடுங்கள், அதற்கே நாளாகும்.

*

கூரை நீர் எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். எங்கள் வீட்டில் மழைநீர்க் குழாய் சுவருக்குப் பின்னாலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிவிட்ட பிறகு மண் இறங்குவது வெகுவாகக் குறைந்தது. குழி தெரியும் இடத்தில் யாரையும் நடக்க விடாதீர்கள். மேலே புல் இருந்தாலும் உள்ளே வெற்றிடமாக இருக்கலாம்.