குறுவை: ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருப்பதா, போர்வெல் தண்ணீரில் நாற்று விடுவதா?

கேள்வி

வணக்கம். மன்னார்குடி வட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு 5 ஏக்கர் நஞ்சை உள்ளது. குறுவைக்காக (ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெல் பருவம்), உளுந்து எடுத்து, கோடை உழவும் முடித்துவிட்டோம். போர்வெல் தண்ணீர் 2 ஏக்கர் நடவுக்குத்தான் போதும். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகே நாற்று விட வேண்டும் என்கிறார் அப்பா. வைகாசியிலேயே விட்டுவிட வேண்டும் என்கிறார் சித்தப்பா. நடவுக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால் நேரடி விதைப்பையும் யோசிக்கிறோம். நெல் ரகம் ஏடிடி 43 அல்லது கோ 51. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

அணை திறக்கும் நாளை வைத்து முடிவெடுக்காமல், அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். இரண்டு ரகங்களுமே ஏறத்தாழ 110 நாள் பயிர். ஜூன் முதல் வாரத்தில் விதைத்தால் செப்டம்பர் இறுதிக்குள் அறுத்துவிடலாம். ஜூலையில் விதைத்தால் அறுவடை அக்டோபர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே வந்து விழும். அப்போது கதிர் சாயும், நெல் காயாது, குறுவைக்கு அடுத்து நடும் தாளடி நெல்லும் பிந்தும். அணை 2022இல் மே 24 அன்றே திறந்தது, 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை என்பதை உங்கள் அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அதற்காக ஐந்து ஏக்கருக்கும் நாற்று விட்டுவிடாதீர்கள். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் என்பதால் அதற்குத் தண்ணீர் போதும் என்று தோன்றும். ஆனால் குறுகிய கால ரகத்தின் நாற்றை 18 முதல் 22 நாளுக்குள் பறித்து நட வேண்டும், நடவு வயலுக்குத் தண்ணீர் இல்லாமல் நாற்று மூத்துப்போனால் தூர் கட்டாது (பக்கத் தண்டுகள் வெடிக்காது). போர் தண்ணீர் பாயும் 2 ஏக்கருக்கு மட்டும், ஏக்கருக்கு 24 கிலோ விதை என்ற கணக்கில், இப்போதே நாற்று விடுங்கள். மீதி 3 ஏக்கரில் வாய்க்கால் தண்ணீர் வந்ததும் முளைகட்டிய விதையை நேரடியாக விதையுங்கள். பறித்து நடும் அதிர்ச்சி இல்லாததால் அது ஒரு வாரம் முன்னதாகவே விளையும். ஜூன் முடிந்தும் தண்ணீர் வராவிட்டால் அங்கே குறுவையை விட்டுவிடுவதே நல்லது.

மறுமொழி 2

நேரடி விதைப்பில் பெரும் சிக்கல் களைதான். வயல் மேடுபள்ளமாக இருந்தால் பள்ளத்தில் முளை அழுகும், மேட்டில் களை மண்டும். ஆகவே பரம்படித்து வயலைச் சமப்படுத்துவதில் சிக்கனம் பார்க்காதீர்கள். டிரம் சீடரில் (துளையிட்ட உருளை வழியாக வரிசையாக விதைக்கும் கருவி) போடுவதானால் முளை லேசாகத் தெரிந்தவுடன் விதைத்துவிட வேண்டும், வேர் நீண்டால் துளையில் சிக்கிக்கொள்ளும். களைக்கொல்லி வாங்கும்போது சேஃப்னர் (நெல்லைக் காக்கும் துணைப்பொருள்) கலந்த பிரிடிலாக்குளோர்தானா என்று கேட்டு வாங்குங்கள். நடவு வயலுக்கு அடிக்கும் சாதாரண வகை, முளைவிட்ட நெல்லையும் பாதிக்கும்.

மறுமொழி 3

குறுவை தவறினால் அந்த 3 ஏக்கரையும் வெறுமனே போடாமல், கிடைக்கும் மழை ஈரத்தில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருவாயில் மடக்கி உழுதுவிட்டுச் சம்பாவுக்குப் போகலாம். நாற்று விடுவதற்கு முன் போர் தண்ணீரின் உவர்த்தன்மையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இளம் நாற்று உப்பைத் தாங்காது.